சின்னம்மா பாடமாக்கிய அமெரிக்கா

இங்கிலாந்தில் எனக்கு என்னென்ன உரிமைகள் உண்டு என்று சின்ன வயதில் யாரும் சொல்லித் தந்ததில்லை. அமெரிக்கர்களின் உரிமைகளோ ஒன்பது வயதிலேயே எனக்கு மனப்பாடம். கடமைகளும்தான். லண்டன் நோர்பரியில் இருந்த எங்கள் வீட்டில் அவற்றை அறிந்தவர்கள் இரண்டு பேர்: நானும், அம்மாவின் தங்கையான சின்னம்மாவும். இருவருமே அமெரிக்காவைக் கண்டதில்லை.

சின்னம்மாவின் கணவரான சித்தப்பா அமெரிக்காவில், நியூ ஜேர்சியில் இருந்தார். கொழும்புக்கு வந்து தாலி கட்டி, மூன்று கிழமை லீவு முடிந்ததும் விமானம் ஏறிவிட்டவர். அவரிடம் அமெரிக்காவில் நிரந்தரமாக இருப்பதற்கான கிரீன் காட் மட்டும் இருந்தது. அதை வைத்து மனைவியைக் கூப்பிடுவதென்றால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பிரஜையாகிவிட்டால் உடனே கூப்பிடலாம். அதுவரை சின்னம்மா லண்டனில் அக்காவோடு இருக்கட்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அந்த ‘அதுவரை’ எவ்வளவு நீளும் என்று யாரும் கேட்கவில்லை.

என் அறையில் சின்னம்மாவுக்கு ஒரு கட்டில் போட்டார்கள். அவர் வரும்வரை பள்ளிக்கூடம் விட்டு வந்து, கழுத்தில் தொங்கிய சாவியால் கதவைத் திறந்து, அம்மா ஷிப்ட் முடிந்து வரும்வரை வெறும் வீட்டில் இருந்தவள் நான். அவர் வந்த பிறகு வெறும் வீட்டில் இருப்பது அவர் வேலையாயிற்று. பகலில் யார் மணி அடித்தாலும் திறக்கமாட்டார். காஸ் மீற்றர் பார்க்க வந்தவர் திரும்பிப் போவதை ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்ததாகச் சொல்வார். நான் வந்ததும் தேத்தண்ணி போட்டுத் தந்து, அன்றைக்கு வீதியில் போனவர்களைப் பற்றிச் சொல்வார். போனவர்கள் அதிகம் இல்லை.

சித்தப்பா ஒருவழியாகப் பரீட்சை எழுதிப் பிரஜையானார். அந்தப் பரீட்சைக்குப் படித்த சின்னப் புத்தகத்தைச் சின்னம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று தபாலில் அனுப்பி வைத்தார். அமெரிக்க அரசியலமைப்பைக் கேள்வியும் பதிலுமாக்கிய புத்தகம். அப்பா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “உதுதான் விசாவுக்கு அமெரிக்கன் எம்பசியிலை கேப்பாங்கள், வடிவாப் பாடமாக்கு” என்றார்.

எங்கள் வீட்டில் அது இயல்பான முடிவு. அந்த நாட்களில் ஊர்ச் சண்டையிலிருந்து அகதியாக வந்தவர்கள் குடிவரவு அலுவலக நேர்முகத்துக்கு முதல் எங்கள் முன் அறையில் வந்து உட்காருவார்கள். அப்பா அதிகாரி மாதிரி எதிரே இருந்து கேள்வி கேட்பார். நடந்ததை நடந்தபடி சொல்லப் போகிறவர்கள்கூட அதைப் பாடமாக்கித்தான் போனார்கள். நேர்முகம் என்றால் பாடமாக்குவது என்பதில் எங்களில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. சித்தப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் வெளிநாட்டு அழைப்புக்குக் காசு கூட என்பதால் எங்கள் தொலைபேசியில் ஒரு குட்டிப் பூட்டுத் தொங்கியது. அவர் எடுக்கும்போதும் சுகம் விசாரிப்பதற்குள் அழைப்பு முடிந்துவிடும்.

சின்னம்மாவின் அதிகாரியாக என்னை நியமித்தார்கள். எனக்கு அது மிகப் பிடித்தது. கேள்விகளை வகை பிரித்தேன். ஒரு சொல்லில் பதில் வருபவை, பெயர்கள் வருபவை, இழுத்துச் சொல்ல வேண்டியவை. பிழை விட்டவற்றுக்குப் பென்சிலால் புள்ளி. பிற்காலத்தில் மென்பொருள் சோதிக்கும் வேலைக்குப் போனபோது, இதைத்தானே முதலும் செய்தேன் என்று தோன்றியது.

கடமைகளில் சின்னம்மாவைக் கலங்க வைத்தது, நீதிமன்றத்தில் ஜூரியாக இருந்து தீர்ப்புச் சொல்வது.

“ஆரோ ஒருத்தன் களவெடுத்தவனோ இல்லையோ எண்டு நான் போயிருந்து சொல்ல வேணுமோ?”

“ஓம். கூப்பிட்டால் போகத்தான் வேணும்.”

“பாத்தாப் பாவமாயிருந்தா?”

“அது புத்தகத்திலை இல்லை, சின்னம்மா.”

பேச்சுச் சுதந்திரத்தை அவர் தடுமாறாமல் சொல்வார். அறை குளிர்கிறது, ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டலாமா என்று அக்காவிடம் கேட்பதற்கு அவருக்கு ஒரு குளிர்காலம் முழுவதும் எடுத்தது.

எனக்குச் சிரிப்பு மூட்டியது வேறொரு பதில். சமாதான காலத்தில் வீட்டுக்காரரின் சம்மதம் இல்லாமல் அரசாங்கம் படைவீரர்களை அவருடைய வீட்டில் தங்க வைக்கக் கூடாதாம். படைவீரர்கள் எதற்கு ஒருவருடைய வீட்டில் வந்து தங்கப் போகிறார்கள்? இதற்கெல்லாமா சட்டம்? சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சின்னம்மா, “இன்னொருக்கா வாசி பிள்ளை” என்றார். வாசித்தேன்.

“வீட்டுக்காரரைக் கேக்க வேணுமாம், அக்கா.”

அம்மா சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஊரிலை எங்கடை வீட்டிலை வந்திருந்தவங்களும் எங்களிட்டைக் கேட்டவங்கள்தானே, கிணறு எந்தப் பக்கம் எண்டு.”

“சமாதான காலத்திலை எண்டுதான் போட்டிருக்கு. சண்டையெண்டால்?” என்று சின்னம்மா என்னிடம் கேட்டார். புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தேன். அதற்குப் பதில் போட்டிருக்கவில்லை. யார் கிணற்றைக் கேட்டார்கள் என்று நான் கேட்டதற்கு, அம்மா உரித்த வெங்காயத்தைக் கொண்டுவரச் சொன்னார்.

நேர்முகத்துக்குப் பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு நாள் கிடைத்தது. அப்பாவுக்கு வேலை. மொழிபெயர்ப்புக்கு உதவுவேன் என்று அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சின்னம்மா அரக்குச் சேலைக்கு மேல் அம்மாவின் கோட்டைப் போட்டிருந்தார். ரயிலில் மெல்லிய குரலில் கடைசியாக ஒரு முறை கேட்டுப் பார்த்தேன். ஒரு பிழைகூட விடவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி சிரித்த முகமுள்ள பெண். சின்னம்மாவுக்குப் பக்கத்தில் நான் நின்றேன். பெயர், பிறந்த ஊர், கலியாணம் நடந்த இடம் எல்லாம் சரியாகப் போயின. பிறகு அவர், கணவர் காலையில் என்ன சாப்பிடுவார் என்று கேட்டார்.

இந்தக் கேள்வி புத்தகத்தில் இல்லை. சின்னம்மா என்னைப் பார்த்தார். நான் தமிழில் திருப்பிச் சொன்னேன். அவருக்கு விளங்காமல் இல்லை.

“தெரியாது” என்றார்.

தேநீரா, கோப்பியா? தெரியாது. அவருக்குப் பிடிக்காத சாப்பாடு? தெரியாது. கட்டிலில் எந்தப் பக்கம் படுப்பார்? சின்னம்மாவின் காதுகள் சிவந்தன. நான் மொழிபெயர்ப்பதற்கு முன்பே தலையை ஆட்டிவிட்டார். அவருக்கு ஏதாவது நோய் உண்டா, கோபம் வந்தால் என்ன செய்வார்? அதுவும் தெரியாது. அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அப்போது சின்னம்மா தானாகவே ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினார். அரசாங்கத்துக்கு மூன்று கிளைகள் உண்டு, ஒன்று சட்டம் இயற்றும், ஒன்று நிறைவேற்றும், ஒன்று தீர்ப்புச் சொல்லும். அழகாகச் சொன்னார், நான் சொல்லிக் கொடுத்த இடத்தில் மூச்சு விட்டு. அதிகாரி பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, இன்னொரு நாள் வரும்படியும், உண்மையான கலியாணம் என்று காட்டக்கூடிய ஆதாரங்களைக் கொண்டுவரும்படியும் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார்.

திரும்பும் ரயிலில் அம்மா, “ஏதாவது ஒண்டைச் சொல்லியிருக்கலாமேயடி. பாண் எண்டு சொல்லியிருந்தா என்ன, ஆர் போய்ப் பாக்கப் போகினம்?” என்றார்.

“தெரியாட்டிப் பேசாமல் இருக்க உரிமை இருக்கெண்டு உன்ரை மகள்தானே படிப்பிச்சவள்” என்றார் சின்னம்மா.

அம்மா சிரித்துவிட்டார். சின்னம்மாவும் சிரித்தார். பிறகு இரண்டு பேருமே நோர்பரி வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நான் புதிய கேள்விகள் எழுதத் தொடங்கினேன். பாடத்திட்டம்தான் பிழை, பாடத்திட்டத்தை மாற்ற வேண்டும், அவ்வளவுதான் விடயம் என்று நினைத்தேன். அதிகாரி கேட்டவையெல்லாம் முதலில். பின்னால் நானாக யோசித்தவை: சித்தப்பாவுக்குப் பிடித்த நிறம், அவர் பயப்படும் மிருகம், கடைசியாக எப்போது அழுதார். அப்பா தொலைபேசிப் பூட்டைக் கழற்றி வைத்தார்.

சின்னம்மா மாடிப்படியில் உட்கார்ந்து பேசினார். நான் மேல்படியில் இருந்து கேள்விகளை அவர் தோளுக்கு மேலால் நீட்டினேன்.

“தேத்தண்ணிக்குச் சீனி போடுவியளோ?... இல்லை, சும்மாதான்... எம்பசியிலை கேக்கினம்... கத்தரிக்காயோ? ஒருக்காலும் சாப்பிட மாட்டியளோ? அண்டைக்குக் கொழும்பிலை நான் சமைச்சதைச் சாப்பிட்டனீங்கள்...”

அந்தப் பக்கம் சித்தப்பா ஏதோ சொல்லச் சின்னம்மா வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “சொல்லியிருக்கலாமே” என்றார் கடைசியில். கட்டில் பற்றிய கேள்விக்கு வந்ததும் என்னைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பினார். கடைசியாக எப்போது அழுதீர்கள் என்பதை மட்டும் கேட்காமல் விட்டுவிட்டார். கேட்டிருந்தால் முழுப் பட்டியலும் முடிந்திருக்குமே என்று எனக்கு மனக்குறை.

பிறகு நாங்கள் வழக்கம்போல் படித்தோம். வெண்டிக்காய் நறுக்கும்போதும் தலை பின்னும்போதும் கேட்டேன். சித்தப்பா சீனி போடமாட்டார். வலது பக்கம் படுப்பார். நாயென்றால் பயம். கோபம் வந்தால் காரைக் கழுவுவார். அமெரிக்காவின் மூன்று கிளைகளைச் சொன்ன அதே குரலில் சின்னம்மா இதையும் சொன்னார், அதே இடங்களில் மூச்சு விட்டு. இரண்டாவது முறை கலியாணப் படங்களையும் எடுத்துக்கொண்டு எம்பசிக்கு அப்பாவோடு போய், விசாவோடு வந்தார். அம்மா கேசரி கிண்டினார். அதில் பாதிக் கௌரவம் எனக்குரியது என்று நினைத்துக்கொண்டு இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

ஹீத்ரோவுக்கு எல்லோரும் போனோம். பெட்டிகளைக் கொடுத்த பிறகு அம்மாவும் அப்பாவும் தேத்தண்ணி வாங்கப் போனார்கள். சின்னம்மா கைப்பையை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். உதடுகள் அசைந்தன. தேவாரம் என்று நினைத்துக் கிட்டப் போனேன்.

சீனி இல்லை. வலது பக்கம். கத்தரிக்காய் ஒருக்காலும் இல்லை. கோபம் வந்தால் கார்.

“சின்னம்மா, நீங்கள் பாஸ் பண்ணீட்டியள். இனி ஒருத்தரும் கேக்க மாட்டினம்.”

“இனித்தான் பிள்ளை” என்றார்.

அவர் குழம்பிப் போயிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். விமானத்துக்குள் கேள்வி கேட்பதில்லை, விசாவை இனி யாரும் பறிக்க மாட்டார்கள், அமெரிக்காவில் பரீட்சை பிரஜையாகும்போது மட்டும்தான், அதற்குப் பல வருடங்கள் இருக்கின்றன என்று ஒவ்வொன்றாக விளக்கினேன். அவர் எல்லாவற்றுக்கும் கவனமாகத் தலையாட்டினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, சீனியிலிருந்து மறுபடியும் தொடங்கினார்.