அம்மா கையில் ஒரு வட்டம்

ஐந்தாம் வகுப்பில் எனக்கு வாய்த்த டீச்சர் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லமாட்டார். பதில் தெரியாதவர் அல்ல, அமெரிக்க வரலாற்றைக் கரைத்துக் குடித்தவர். ஆனால் பள்ளிக்கூடம் கொடுத்த தடித்த வரலாற்றுப் புத்தகத்தை முதல் நாளே அலமாரியின் மேல்தட்டில் ஏற்றிவிட்டு, இது யாரோ சொல்லக் கேட்டு யாரோ எழுதியது, நாம் நேரில் இருந்தவர்களிடமே விசாரிப்போம் என்று சொல்லிவிட்டார். நேரில் இருந்தவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அவர்கள் விட்டுப்போன நாட்குறிப்பு, கடை விளம்பரம், போட்டோ இவற்றின் நகல்களைக் கொண்டுவந்து எங்கள் மேஜைகளில் பரப்புவார். அவற்றுக்குப் பிரைமரி சோர்ஸ், அதாவது மூலச் சான்று, என்று பெயர். என்ன தெரிகிறது, யார் செய்தது, எதற்காகச் செய்தார்கள் என்று கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவார். மிச்சத்தை நாங்கள்தான் துப்பறிய வேண்டும்.

மற்றப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. எனக்கு அப்படி இல்லை. நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. சூறாவளி ஒத்திகைக்குச் சங்கு ஊதினாலே குளியல் தொட்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்கிற ரகம். எதற்கும் ஒரு பெரியவர் வந்து, இது இப்படித்தான், இனி ஒன்றும் ஆகாது என்று சொன்னால்தான் எனக்குத் தூக்கம் வரும். எனக்கென்று பார்த்து இப்படி ஒரு டீச்சர்.

அப்போது நாங்கள் டெக்ஸாஸில் இர்விங்கில் இருந்தோம். தொண்ணூறுகளின் கடைசி. அப்பாவுக்கு லாஸ் கோலினாஸில் கம்ப்யூட்டர் வேலை. அம்மா கோபிச்செட்டிபாளையத்தில் தமிழ் டீச்சராக இருந்தவள். டெக்ஸாஸில் தமிழ் டீச்சருக்கு யார் வேலை கொடுப்பார்கள்? கொடுத்தாலும் பார்க்க அவள் விசாவில் அனுமதி இல்லை. ஆகவே அவளுடைய பள்ளிக்கூடம் மொத்தமும் என் ஒருத்தி தலையில் விடிந்தது. இன்று நான் இதைத் தமிழில் எழுதுகிறேன் என்றால் அது அம்மா என்னைப் பிடித்து உட்காரவைத்த புண்ணியம். அந்த நாளில் அதற்கு நான் நன்றி சொன்னதில்லை. அவள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லிப் பழிவாங்குவேன்.

அம்மா ஊருக்குப் போய் ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. கிரீன் கார்டு கைக்கு வரும்வரை நாட்டைவிட்டு நகராமல் இருப்பது நல்லது என்று வக்கீல் சொன்னதை அப்பா வேதவாக்காக எடுத்துக்கொண்டுவிட்டார். சித்தியின் கல்யாணத்தைக்கூட நாங்கள் வீடியோ கேசட்டில்தான் பார்த்தோம். அம்மா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்ததில், தாலி கட்டுகிற இடத்தில் படம் கோடு கோடாக ஓட ஆரம்பித்துவிட்டது. கார்டு வரட்டும், அப்புறம் போகலாம் என்பார் அப்பா. எங்கள் வீட்டில் எல்லாமே கார்டு வந்த பிறகுதான். சோபா வாங்குவதுகூட.

அந்த வசந்தத்தில்தான் டீச்சர் ஒரு போட்டோவின் நகலைக் கொடுத்தார். நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் குடியேறக் கப்பலில் வந்து இறங்கியவர்கள் நிற்கிற பெரிய கூடம். முன்னால் தலையில் துணி கட்டிய ஒரு பெண், கறுப்புக் கோட்டு, கையைப் பிடித்தபடி இரண்டு குழந்தைகள். கோட்டின் தோள்பட்டையில் வெள்ளையாக ஓர் எழுத்து. என்ன தெரிகிறது என்றார் டீச்சர். சலவைக் கடைக் குறி என்றான் ஒருவன். ஏதோ ஒரு அணியின் பெயர் என்றான் இன்னொருவன். கொஞ்ச நேரம் எங்களைப் பிதற்றவிட்டுப் பார்த்தபின் இரண்டாவது தாளை எடுத்தார். அந்தக் கூடத்தில் வேலை பார்த்த ஒருவர் பிற்பாடு நினைவுகூர்ந்து சொன்னது. மாடிப்படி ஏறி வருகிறவர்களை டாக்டர்கள் கவனிப்பார்களாம். மூச்சு வாங்கினால் ஓர் எழுத்து, கண் சிவந்திருந்தால் ஓர் எழுத்து என்று சாக்பீஸால் கோட்டில் போட்டுவிடுவார்களாம். குறி விழுந்தவர்களைத் தனி அறைக்குக் கொண்டுபோவார்கள். சிலரை வந்த கப்பலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கெட்டிக்காரப் பெண் ஒருத்தி மட்டும் கோட்டின் உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு தப்பித்துவிட்டாளாம்.

நான் கையைத் தூக்கினேன். போட்டோவில் இருக்கிற இந்த அம்மா என்ன ஆனாள் என்று கேட்டேன். சான்று என்ன சொல்கிறது என்று திருப்பிக் கேட்டார் டீச்சர். சான்று ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பெண் காமிராவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மணி அடித்துவிட்டது. டீச்சருக்கு அடுத்த பாடம், எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த வாரமே அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கிரீன் கார்டுக்கான மெடிக்கல் பரிசோதனை வந்தது. நான் இங்கே பிறந்தவள் என்பதால் எனக்கு அது தேவையில்லை; ஆனாலும் வீட்டில் தனியாக விடமுடியாது என்று கூட்டிப்போனார்கள். கார் நிறுத்துமிடத்திலேயே அப்பா உபதேசத்தை ஆரம்பித்துவிட்டார். அம்மாவுக்கு அந்த ஊர் மகரந்தத் தூள் ஒத்துக்கொள்ளாது, மார்ச் மாதம் முழுக்க லொக்கு லொக்கென்று இருமுவாள்.

"டாக்டர் முன்னாடி மட்டும் இருமிடாதே. கேட்டா அலர்ஜின்னு சொல்லு. கேக்கலைன்னா எதுவும் சொல்லாதே."

"இருமல் என்னைக் கேட்டுட்டா வருதுங்க?" என்றாள் அம்மா.

நர்ஸ் இரண்டு பேருக்கும் முன்கையில் தோலுக்கு அடியில் ஓர் ஊசி போட்டாள். கொசு கடித்தது மாதிரி சின்னக் கொப்புளம் எழும்பியது. காசநோய் இருக்கிறதா என்று பார்க்கிற ஊசி, அந்த இடம் தடித்தால் சந்தேகம்தான், இரண்டு நாள் கழித்து வாருங்கள், அதுவரை தேய்க்கவோ சொறியவோ கூடாது என்றாள். சொல்லிக்கொண்டே சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, இரண்டு பேர் கையிலும் ஊசி போட்ட இடத்தைச் சுற்றி ஆளுக்கொரு வட்டம் போட்டாள்.

எனக்கு அந்தப் போட்டோ ஞாபகம் வந்தது. சாக்பீஸுக்குப் பதில் பேனா, கோட்டுக்குப் பதில் கை. அவ்வளவுதான் வித்தியாசம். மூன்று பேரில் குறி இல்லாதவள் நான் ஒருத்தி. இவர்கள் இரண்டு பேரும் போய்விட்டால் நான் மட்டும் அந்த அபார்ட்மெண்டில் என்ன செய்வேன்? எனக்கு மைக்ரோவேவில் பால் சுடவைக்க மட்டும்தான் தெரியும்.

மறுநாள் நான் பள்ளி விட்டு வந்தபோது அப்பாவுடைய கொப்புளம் இருந்த இடம் தெரியாமல் அமுங்கிவிட்டிருந்தது. அம்மா கையில் வட்டத்துக்குள் சிவந்து தடித்து நின்றது. அப்பா அலுவலகத்திலிருந்தே போன் செய்து அம்மா கை எப்படி இருக்கிறது என்று கேட்டார். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் கேட்டார். அம்மா துணிக்கூடையை எடுத்துக்கொண்டு அபார்ட்மெண்டின் பொது லாண்டரி அறைக்குக் கிளம்பினாள். நானும் பின்னாலேயே போனேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்த சத்தத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். போட்டோ, கோட்டு, சாக்பீஸ், தனி அறை, கப்பல் ஒன்றையும் விடவில்லை. பாதியிலேயே அழுகை வந்துவிட்டது.

அம்மா சிரித்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. துணி மடிப்பதையும் நிறுத்திவிட்டாள்.

"நெசமாலுமே திருப்பி அனுப்பிருவாங்களா கண்ணு?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அம்மாவை அனுப்புனா, கூட இருக்கற குழந்தைய என்ன பண்ணுவாங்களாமா?"

அதை டீச்சர் சொல்லவில்லை. ஆனால் போட்டோவில் குழந்தைகள் அந்தப் பெண்ணின் கையை விடாமல் பிடித்திருந்தார்கள். சின்னப் பிள்ளைகள் என்றால் அம்மாவோடு போவார்கள் என்று நானாகவே சொன்னேன். அப்படிச் சொன்னதில் எனக்கே கொஞ்சம் தைரியம் வந்தது.

"அப்படியா. அப்பச் சரி சாமி, அழுகாதே," என்றாள் அம்மா. முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள். எனக்கு ஆறுதல் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து நான் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தபோது பால்கனிக் கண்ணாடிக் கதவு வழியாக அவளைப் பார்த்தேன். பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த வட்டத்தின் மேல் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள். அடிப்பிடித்த பால் பாத்திரத்தைத் தேய்க்கிற மாதிரி, பல்லைக் கடித்துக்கொண்டு. எனக்குக் குப்பென்று சந்தோஷம். கோட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டவளைப்போல அம்மாவும் குறியை அழிக்கிறாள்! நான் சொன்னதை நம்பியிருக்கிறாள், என் பக்கம்தான் இருக்கிறாள். அப்பாவிடம் மூச்சு விடக்கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

குறிப்பிட்ட நாளில் கிளினிக்குக்குப் போனபோது வட்டம் அழிந்துதான் போயிருந்தது. ஆனால் முன்கையில் பாதி, தோல் வழன்று, பொங்கிச் சிவந்து கிடந்தது. அம்மா முந்தானைக்குள் மறைத்துவைத்திருந்ததை அன்று காலையில்தான் பார்த்த அப்பாவுக்கு வழியெல்லாம் வியர்த்துக்கொண்டே வந்தது. நர்ஸ் பார்த்தவுடன் முகத்தைச் சுளித்துக்கொண்டு டாக்டரைக் கூட்டிவந்தாள். டாக்டர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, தேய்த்தீர்களா என்று அம்மாவைக் கேட்டார்.

"நோ," என்றாள் அம்மா.

சொறிந்தீர்களா என்று கேட்டார். அதற்கும் நோ. இருமல் உண்டா என்று அவர் கேட்டதும், அப்பா வாயைத் திறப்பதற்குள் அம்மா எஸ் என்றாள். அதோடு நில்லாமல் இரண்டு முறை இருமியும் காட்டினாள். டாக்டர் ஏதோ எழுத ஆரம்பித்தார். அப்பா நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

என்னால் அதற்குமேல் தாங்கமுடியவில்லை. அம்மாவுக்கு ஆங்கிலம் சரியாகப் புரியவில்லை, பயத்தில் உளறுகிறாள், தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறாள். நடந்ததை நேரில் பார்த்தவள் நான் இருக்கிறேன். எழுந்து நின்று, வகுப்பில் பேசுகிற குரலில், இது நோய் இல்லை, அம்மா பச்சை நாரை வைத்துத் தேய்த்ததால் வந்தது, பால்கனியில் தேய்த்தாள், நான் பார்த்தேன், இருமல் வெறும் அலர்ஜி என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். சிவப்பைப் பார்த்து நாங்கள் முடிவு செய்வதில்லை, உள்ளே கட்டியாக இருக்கிறதா என்று தடவித்தான் பார்ப்போம், இந்தியாவில் சின்ன வயதில் தடுப்பூசி போட்டவர்களுக்கு இது சகஜம், ஓர் எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும் என்றார். நர்ஸ் என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவர் மெதுவாகத் திரும்பி அம்மாவைப் பார்த்தார். அம்மா சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்துக் கட்டடத்திலேயே எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சு சுத்தமாக இருந்தது. கவலைப்பட ஒன்றுமில்லை, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் அப்பாவின் கையைக் குலுக்கினார்.

காரில் கொஞ்ச தூரம் போன பிறகு அப்பா ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"எதுக்கு அப்படித் தேச்சே?"

"அரிச்சுதுங்க."

அப்பா சிக்னலில் பச்சை விழுந்தும் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இத்தனை பெரிய காரியம் செய்திருக்கிறேன், ஒருவரும் என்னைக் கண்டுகொள்ளவில்லையே. பின்சீட்டிலிருந்து எட்டி அம்மாவின் தோளைப் பிடித்து, நான் மட்டும் சொல்லியிருக்காவிட்டால் உன்னைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள் இல்லையா என்று கேட்டேன்.

"ஆமா கண்ணு," என்றாள் அம்மா. "அனுப்பியிருப்பாங்க."

சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஊருக்குப் போக மனசுக்குள் மூட்டை கட்டி முடித்துவிட்டு, என்னையும் கையைப் பிடித்துக் கூட்டிப்போகக் காத்திருந்தவளைத்தான் நான் இழுத்து நிறுத்தியிருக்கிறேன் என்று அப்பாவுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. எனக்குத் தெரியவில்லை. அம்மாவைக் காப்பாற்றிவிட்ட பெருமையில், திங்கட்கிழமை வகுப்பில் இதை எங்கிருந்து சொல்ல ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.