களிசானுக்கு ஒரு படிப்புக் கடன்

கண்டியில் எங்கள் வங்கிக் கிளையின் லோன் பகுதிக்கு என்னை மாற்றிய முதல் நாளே, மனேஜர் ஒரு கட்டு பில்லை என் மேசையில் போட்டார். எல்லாம் கம்பஸ் பிள்ளைகள் கொடுத்தவை. படிப்புக் கடனைத் தவணையாகத்தான் கொடுப்போம். முதல் தவணை படிப்புக்குத்தான் செலவானது என்று பில் காட்டினால்தான் அடுத்தது கிடைக்கும்.

"தமிழ் பில்லை எல்லாம் நீங்க பாருங்க மிஸ். எனக்கு வாசிக்கத் தெரியாது" என்றார் மனேஜர் சிங்களத்தில்.

பிள்ளைகளின் கற்பனை அபாரம். கல்யாணத்துக்கு எடுத்த சேலை 'ஆய்வுகூட உடை' ஆகியிருந்தது. கிரிக்கெட் மட்டை, 'மர உபகரணம்'. சிரித்துக்கொண்டே புரட்டியவள் ஒரு தையல் கடைப் பில்லில் நின்றுவிட்டேன். நூல், பொத்தான், நீளக் காற்சட்டைக்குத் தையல் கூலி. 'நூல்' என்பதற்கு நேரே யாரோ பென்சிலால் 'புக்ஸ்' என்று எழுதியிருந்தார்கள்.

ஆளைக் கூப்பிட்டேன். சிவநேசன் என்று யாழ்ப்பாணத்துப் பிள்ளை, இன்ஜினியரிங் இரண்டாம் வருடம்.

"என்ன தம்பி இது?"

"நூல் எண்டா புத்தகந்தானே அக்கா."

"அப்ப பொத்தான்?"

கொஞ்சம் யோசித்தார். "அட்டை திறபடாமல் இருக்கிறதுக்கு."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருக்கோ கண் கலங்கிவிட்டது. யுத்தம் உச்சத்தில் இருந்த காலம் அது.

"ஒவ்வொரு நாளும் செக்பொயின்ற்றில பஸ்ஸால இறக்கி வைக்கிறாங்கள் அக்கா. எட்டு மணி லெக்சருக்குப் பத்துக்குத்தான் போறன். நல்ல களிசானும் டையும் போட்டா ஒபிஸர் எண்டு நினைச்சு விடுவாங்கள் எண்டு ஒருத்தன் சொன்னவன்."

"விட்டாங்களா?"

"இல்லை. முந்தி ஆர் எண்டு மட்டும் கேட்டவங்கள். இப்ப இந்த உடுப்புக்குக் காசு எங்கால எண்டும் கேக்கிறாங்கள்."

'புக்ஸ்' என்றே விட்டிருக்கலாம். மனேஜருக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் ஆடிட்டில் பிடிபட்டால் பிள்ளையின் கடனும் போகும், என் வேலையும் போகும். பயந்து பயந்து மனேஜரிடம் உள்ளதைச் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காசு எங்கிருந்து என்று கேட்டால் பதில் சொல்லவேண்டியது நாங்கள்தானே? கடிதம் ஒன்று அடிங்க."

சிங்களத்தில் அடித்தேன். இவர் கம்பஸ் மாணவர், எங்கள் வாடிக்கையாளர், இவருடைய உடுப்பும் எங்கள் கடன் காசில் வாங்கியது. மனேஜர் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு அதை இரண்டு தரம் வாசித்தார். வடக்குப் பையன் ஒருவனுக்காகக் கையெழுத்துப் போடுவது அந்த நாளில் லேசான காரியமில்லை. ஏதும் நடந்தால் முதலில் இவரைத்தான் விசாரிப்பார்கள். போட்டார். வங்கி முத்திரையையும் குத்தினார். பிறகு பில்லில் இருந்த 'புக்ஸை' வெட்டிவிட்டு, 'பிரயாணச் செலவு' என்று சிங்களத்தில் எழுதினார்.

"அதுதானே உண்மை மிஸ்?"

ஒரு மாதம் கழித்து சிவநேசன் வந்தார்.

"இப்ப எட்டு மணிக்கே போறன் அக்கா. ஆனா கடிதத்தை வாசிச்ச ஆமிக்காரர் ஒரு கேள்வி கேட்டவர்."

"என்னவாம்?"

"இந்த லோனை எங்களுக்கும் தருவாங்களோ எண்டு."

சிரித்தோம். அடுத்த கிழமை சாதாரண சேர்ட் போட்ட இளைஞர் ஒருவர் கவுன்டருக்கு வந்து, தான் செக்பொயின்ற்றில் வேலை செய்வதாகச் சொன்னார். தங்கைக்குக் கம்பஸ் கிடைத்திருக்கிறது, படிவம் வேண்டும் என்றார். கதிரையைக் காட்டி உட்காரச் சொன்னேன். படிவத்தை நிரப்பிவிட்டு, என்னென்ன பில் காட்டவேண்டும் என்று கேட்டார்.

பிறகு பல வருடம் அந்தப் பகுதியில் இருந்தேன். புதிதாக வந்தவர்களுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: பொய்ப் பில்லில் கையெழுத்துப் போடாதீங்க. ஆனா ஆளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேக்காம ரிஜெக்ட்டும் பண்ணாதீங்க.