இரத்மலானை – பலாலி: எந்த விமானம் என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்

என் அண்ணை யாழ்ப்பாணத்து நீர்வேலியில் இருக்கிறார். நான் கொழும்பு வெள்ளவத்தையில், மூன்றாம் மாடியில், தனியாக இருக்கிறேன். வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு எனக்கு எல்லா நாளும் ஞாயிற்றுக்கிழமைதான். அண்ணைக்கு எழுபது தாண்டிவிட்டது. அண்ணி கண்மூடி ஒரு வருடமாகிறது, பிள்ளைகள் இருவரும் கனடாவில். இந்த வெசாக் விடுமுறையோடு அவரைக் கொழும்புக்குக் கூட்டிவந்து என்னோடு வைத்துக்கொள்வதென்று முடிவெடுத்தேன். முடிவெடுத்தது நான். தொலைபேசியில் அவர் சொன்னது "பாப்பம்" என்பது மட்டும். எங்கள் ஊரில் முகத்துக்கு நேரே யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை, பாப்பம் என்றுதான் சொல்வார்கள். அந்த ஊரில் பிறந்தவள் நான். அதை ஓம் என்று எடுத்துக்கொண்டு அவருக்கும் சேர்த்துத் திரும்பும் பயணத்துக்குச் சீட்டுப் பதிந்தது என் கெட்டித்தனம்.

விமானம் எதற்கு என்று கேட்பீர்கள். அண்ணைக்கு இடுப்பு வருத்தம். பஸ்ஸிலோ ரயிலிலோ ஏழெட்டு மணித்தியாலம் இருக்க முடியாது. வானத்தால் போனால் பலாலி விமான நிலையத்துக்கு ஏறக்குறைய முந்நூற்று முப்பது கிலோமீற்றர், ஒரு மணித்தியாலச் சொச்சத்தில் முடிந்துவிடும். நான் போனபோது ஒருவழிக்கு இருபத்திரண்டாயிரம் ரூபாய். நீங்கள் போகும்போது மாறியிருக்கும், கேட்டுப் பாருங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து இரத்மலானை விமான நிலையம் ஏழு கிலோமீற்றர், ஓட்டோவுக்குத் தொள்ளாயிரம். காலை ஏழரை விமானத்துக்கு ஆறு மணிக்கே வரச் சொன்னார்கள். வெசாக்குக்கு முதல்நாள் என்பதால் சனம் நிறைந்திருந்தது. வந்து நின்றது பெரிய விமானம்: இரண்டு இயந்திரம், நாற்பது சொச்சம் இருக்கை. ஆளுக்கு இருபது கிலோ பொதி கொண்டுபோகலாம். பக்கத்து இருக்கையில் ஓர் இளம் தாய், மடியில் கைக்குழந்தை. குழந்தை என் விரலைப் பிடித்தபடியே பலாலி வரைக்கும் நித்திரை. கை விறைத்துவிட்டது, ஆனாலும் நான் எடுக்கவில்லை. ஒரு மனிசரின் கை என் கையில் பட்டுக் கனநாளாகிறது.

பலாலியிலிருந்து நீர்வேலி பன்னிரண்டு கிலோமீற்றர், ஓட்டோவுக்கு ஆயிரத்து எண்ணூறு. பேரம் பேசலாம், நான் பேசவில்லை. ஓட்டோக்காரர் கதைகாரர்.

"எத்தினை நாள் நிப்பியள் அக்கா?"

"ஆறு நாள். அண்ணையைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான். வாழைத்தோட்டம் வச்சிருக்கிறார்."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "வாழைக்காரர் வருவினமோ அக்கா? ஒரு குலை வெட்ட அடுத்த மரம் குலை தள்ளி நிக்கும். அது ஆளை விடாது."

வாயைப் பார் என்று நினைத்தேன். இறங்கும்போது மிச்சக் காசைச் சரியாக எண்ணி வாங்கினேன்.

அந்த ஆறு நாளும் நான் அண்ணையின் வீட்டைச் சூட்கேசுக்குள் அடக்கிக்கொண்டிருந்தேன். சாரம், சேட்டு, மருந்து, அண்ணியின் படம், அவருக்குப் பழக்கமான தலையணை. எதற்காகவும் அவர் திரும்பிவரத் தேவையிருக்கக்கூடாது என்பது என் கணக்கு. அவர் ஒன்றுக்கும் மறுப்புச் சொல்லவில்லை. காலையில் தோட்டத்துக்குப் போய் மோட்டர் போட்டுத் தண்ணீர் கட்டிவிட்டு, மத்தியானம் வந்து நான் அடுக்கியதைப் பார்த்து "நல்லாத்தான் அடுக்கியிருக்கிறாய்" என்பார். இதற்கிடையில் ஊருக்குள் செய்தி போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் யாராவது கொழும்புக்கு வெளிக்கிட்டால் அவர் கையில் பார்சல் கொடுக்காமல் விடுவது மரியாதையில்லை. தெகிவளையிலிருக்கும் மருமகளுக்குப் பனங்கிழங்கு ஒடியல் மா, பம்பலப்பிட்டியில் படிக்கும் மகனுக்கு மிளகாய்த்தூள், யாரோ ஒருவரின் சம்பந்திக்கு ஒரு கட்டு முருங்கைக்காய். இருவருக்கும் சேர்த்து நாற்பது கிலோ இருக்கிறதே என்ற தைரியத்தில் எல்லாவற்றையும் வாங்கி வைத்தேன். அண்ணை தன் பங்குக்கு ஒரு முழுக் கதலி வாழைக்குலை வெட்டிச் சாக்கில் சுற்றினார்.

புதன்கிழமை பலாலிக்குப் போனால், வெளியே நின்றது ஒரு சின்ன விமானம். மூக்கில் ஒரே ஒரு இயந்திரம், பன்னிரண்டு இருக்கை. ஓடித்திரியும் மினிபஸ் இதைவிடப் பெரிசு. பதிவு மேசையில் இருந்த பெண் பிள்ளையிடம் போய், நான் பதிந்தது பெரிய விமானத்துக்கு என்று கொஞ்சம் குரலை உயர்த்தித்தான் சொன்னேன்.

"அன்ரி, நீங்கள் பதிஞ்சது பயணத்துக்கு, விமானத்துக்கில்லை," என்றாள் அவள் நிதானமாக. "இண்டைக்கு எட்டுப் பேர்தான். எட்டுப் பேருக்குப் பெரிசை அனுப்பினா எண்ணெய்க்கே காணாது. முதல்நாள் பின்னேரம் ஆக்களை எண்ணிப்போட்டுத்தான் எதை அனுப்புறதெண்டு முடிவெடுப்பினம். உங்களுக்கும் மெசேஜ் போட்டிருக்கு."

போட்டிருந்தார்கள். நான் அந்த நேரம் தலையணையைச் சூட்கேசுக்குள் அமுக்கிக்கொண்டிருந்தேன்.

பிறகு அவளிடம் கேட்டு அறிந்துகொண்டதை உங்களுக்காக எழுதுகிறேன். எந்த வழித்தடத்துக்கு எந்த விமானம் என்பதில் முதலாவது விஷயம் ஓடுபாதை. பலாலி ஓடுபாதை நீளம் குறைவு, பெரிய ஜெட் இறங்க இடமில்லை. தூரமும் ஒரு காரணம்: இந்தத் தூரத்துக்கு ஜெட் ஏறி முடிய இறங்கத் தொடங்க வேண்டும், எரிபொருள் வீண். அதனால்தான் சுழல்விசிறி வைத்த விமானங்கள். அதிலும் பெரிசா சின்னதா என்பதை முடிவெடுப்பது சனம்தான். விடுமுறைக்கும் திருவிழாவுக்கும் பெரிசு வரும், கிழமை நடுவில் சின்னது. அதே விமானத்தில் கொழும்புப் பக்கத்தால் வருகிற ஆட்களையும் சேர்த்தே எண்ணுவார்களாம். ஆள் குறைந்தால் விமானமும் சுருங்கும். அண்ணையின் ஒழுங்கையில் விளக்கு எரிகிற வீடுகள் எத்தனை என்று அந்த நேரத்தில் ஏன் நினைத்தேனோ தெரியாது.

சின்ன விமானத்தில் பொதியை மட்டுமல்ல, ஆட்களையும் நிறுப்பார்கள். கூச்சப்பட வேண்டாம், இலக்கத்தை யாரும் சத்தமாக வாசிக்கமாட்டார்கள். ஒவ்வொருவராகத் தராசில் ஏறி இறங்கினோம். அவள் கூட்டிப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தாள். பாரம் முப்பத்தெட்டுக் கிலோ கூட. வெயில் ஏற ஏற விமானம் தூக்கக்கூடிய பாரமும் குறையுமாம். மற்ற ஆறு பேரிடமும் கைப்பைகள்தான். கூடினது முழுக்க எங்களுடையது.

"ஒண்டில் சாமானைக் குறையுங்கோ. இல்லாட்டி ஒராள் வெள்ளிக்கிழமை வாங்கோ," என்றாள்.

நான் யோசிக்கவேயில்லை. அண்ணையின் இரண்டு சூட்கேசையும் குலைச் சாக்கையும் தராசிலிருந்து இழுத்து இறக்கினேன். பஸ்ஸில் பார்சல் போட்டால் மறுநாள் கொழும்புக்கு வந்துவிடும், எங்களைக் கொண்டுவந்த ஓட்டோவும் வாசலில்தான் நின்றது. "இப்ப சரியோ பிள்ளை?" என்று கேட்டேன். "சரி அன்ரி, இப்ப ரெண்டு பேரும் போகலாம்," என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். அண்ணை சூட்கேசுகளுக்குப் பக்கத்தில் நின்றார். இரண்டு கைகளாலும் இரண்டையும் பிடித்திருந்தார்.

"தங்கச்சி, நான் வரேல்லை," என்றார்.

எழுபது தாண்டிய அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் மறுப்பு அதுதான்.

"இப்ப சொல்லுறியளே அண்ணை. ஆறு நாளாச் சொல்லேல்லை."

"நீ ஆசையா அடுக்கிக்கொண்டிருந்தாய். எப்பிடிச் சொல்லுறது?" சூட்கேசுகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஞாயிறு குலை வெட்டுக் கிடக்கு. தண்ணி கட்டோணும். அங்கை வந்து நான் என்ன செய்யிறது? நீ கடைக்குப் போனா நான் சன்னலாலை றோட்டைப் பாத்துக்கொண்டிருக்கோணும்."

அவர் சொன்னது என்னுடைய ஒவ்வொரு நாளையும்தான். அது அவருக்குத் தெரியாது. அவருக்குத் துணை வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு போனவள் நான். துணை வேண்டியிருந்தது எனக்கு. அந்த மண்டபத்தில் அத்தனை பேர் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அண்ணை என் தோளில் கை வைத்தார். "நீ இஞ்சை வந்து இரன். வீடு கிடக்குத்தானே. ரெண்டு பேருக்கும் காணும்."

நான் வாயைத் திறந்தேன். மூன்றாம் மாடி, கடல்காற்று, மாதம் ஒருமுறை கிளினிக், சத்தமில்லாத பின்னேரங்கள். விட்டுவர முடியாதபடி அங்கே என்னிடம் என்னதான் இருக்கிறது. ஆனாலும் வந்த சொல் ஒன்றுதான்.

"பாப்பம் அண்ணை."

அவர் சிரித்தார். அந்தச் சொல்லின் விலை அவருக்குத் தெரியும். பிறகு குலையைத் தூக்கித் தராசில் வைத்து, "பிள்ளை, எனக்குப் பதிலா இது போகட்டும்," என்றார். பார்சல்கள் எல்லாமே ஏறின. அண்ணை இல்லாததால் இடம் தாராளம்.

ஏறி உட்கார்ந்த பிறகு விமானி வந்து எண்ணிப் பார்த்தார். பாரம் சரிசமமாக இல்லை, என்னைப் பின்வரிசையில் மற்றப் பக்கத்துக்கு மாறச் சொன்னார். அது அண்ணைக்கு ஒதுக்கியிருந்த இருக்கை. மாறியிருந்தேன். விமானம் சின்னது என்பதால் தாழப் பறக்கும், எல்லாம் தெரியும். செம்மண், பனை, பச்சைச் சதுரங்கள். நீர்வேலி எது என்று தேடி முடிப்பதற்குள் கடல்நீரேரி வந்துவிட்டது. இரத்மலானையில் இறங்கியதும் தொலைபேசி அடித்தது.

"சேந்திட்டியோ?"

"ஓம்."

"பழம் நசியேல்லையோ?"

"இல்லை அண்ணை."

இனி, போகிறவர்களுக்கு. பதியும்போது எந்த விமானம் என்று கேளுங்கள், முதல்நாள் பின்னேரம் மறுபடி கேளுங்கள். வரும் குறுஞ்செய்திகளைப் பாருங்கள். கிழமை நடுவில் போனால் கைப்பையோடு போங்கள், பெரிய பொதிகளை பஸ்ஸில் அனுப்புங்கள். இடுப்பு, முழங்கால் வருத்தக்காரருக்குச் சின்ன விமானத்தின் படி செங்குத்து, முன்கூட்டியே சொல்லிவிட்டால் கைகொடுத்து ஏற்றுவார்கள். ஒருவரைக் கூட்டிவரப் போகிறீர்கள் என்றால் அவருக்குச் சீட்டுப் போட முதல் அவரிடம் நேரே கேளுங்கள், பதில் வரும்வரை பொறுத்திருங்கள்.

பழம் விஷயமும் சொல்லவேண்டும். கதலிக்குலை பழுக்கத் தொடங்கினால் எல்லாச் சீப்பும் ஒன்றாகப் பழுக்கும். பார்சல்களோடு ஆளுக்கொரு சீப்புக் கொடுத்தேன். கீழ்வீட்டுக்குக் கொடுத்தேன், காவலாளிக்கும் கொடுத்தேன். மிச்சம் என் மேசையில் கறுத்துப்போனது. நீர்வேலியில் குலையாகத் தருவார்கள், வாங்காதீர்கள். தனி ஆளுக்கு அரைச் சீப்புக் காணும்.