குச்சவெளியின் ‘இல்ல’ குறூப்

காலை 5.50. திருகோணமலையில் புல்மோட்டைப் பேருந்தில் ஏறி உட்கார்ந்தேன். முதல்நாள் யாழ்ப்பாணத்திலிருந்து ஏழு மணித்தியாலம் குலுங்கி வந்த உடம்பு இன்னும் என் சொல் கேட்கவில்லை. குச்சவெளிக்கு முப்பத்து நான்கு கிலோமீற்றர், நூற்றைம்பது ரூபா.

“மிஸ் கடல் பாக்கவோ? நிலாவெளியில இறங்குங்க. குச்சவெளியில பாக்க ஒண்டும் இல்ல,” என்றார் நடத்துநர்.

நான் கடல் பார்க்கப் போகவில்லை. பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படிப்பிக்கிறேன். அறிவுப் பொருளாதாரத்தில் வலையமைப்புகள் எப்படிப் பெறுமதியை உருவாக்குகின்றன என்பது என் பாடம். ஆட்கள் கூடக்கூட வலையமைப்பின் பெறுமதியும் கூடும் என்று பன்னிரண்டு வருடமாகப் பலகையில் புள்ளியும் கோடும் போட்டுக் காட்டுகிறேன். உண்மையான ஒன்றைப் பக்கத்தில் போய்ப் பார்த்ததில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று என்னை நானே திட்டிக்கொண்டிருந்த நாளில்தான் என் மாணவி றினோசா, “வாப்பா நடத்திற குறூப்பை வந்து பாருங்க மிஸ்,” என்று கூப்பிட்டாள். மீனவர்களின் கைபேசிக் குழு அது.

7.05. நிலாவெளி, இறக்கக்கண்டிப் பாலம் எல்லாம் தாண்டிக் குச்சவெளி. றினோசாவின் தந்தை நசீர் கைத்தடியோடு தெருவில் நின்றார். இரண்டு வருடத்துக்கு முன் முழங்கால் உடைந்ததிலிருந்து அவர் கடலுக்குப் போவதில்லை. கரையில் இருந்து குழுவைப் பார்த்துக்கொள்கிறார்.

“வலையமைப்பு படிப்பிக்கிற மிஸ் எண்டு மகள் சொன்னா. எத்தின முழ வலை மிஸ்?” என்று கேட்டு அவரே சிரித்தார்.

கடற்கரையோரக் கொட்டிலில் கதிரை போட்டு, இஞ்சித் தேநீர் தந்து, கைபேசியை என் பக்கம் நீட்டினார். இருபத்து மூன்று படகுகள் கடலில் நின்றன. குரல்பதிவுகள் வந்து விழுந்தபடி இருந்தன. “கல்லுப்பார், ஒண்டும் இல்ல.” “ஆத்துவாய்க்கு நேர, இல்ல.” “செத்தல்பாரிலயும் இல்ல.” பார் என்றால் கடலுக்கு அடியில் கிடக்கும் கற்பாறைத் திட்டு. அரை மணித்தியாலம் கேட்டேன். ஒருவராவது ‘மீன் இருக்கு’ என்று சொல்லவில்லை.

“இவ்வளவு பேரும் வெறுங்கையோடா வரப்போகிறார்கள்?” என்று கேட்டேன்.

“இல்ல மிஸ். மீன் பட்டவன் வாயைத் திறக்கமாட்டான். முதல்ல ‘எங்க இரிக்கு’ எண்டு சொல்லத்தான் குறூப் துடங்கின. உண்மை சொன்னவன்ட இடத்தில அடுத்த நாள் இருவது போட். பிறகு எல்லாரும் பொய். குறூப் செத்துப் போச்சு. அப்பதான் நான் சொன்ன, இல்லாத இடத்தை மட்டும் சொல்லுங்க எண்டு. அதில ஆருக்கும் நட்டமில்லையே. ஒருத்தன் போய்ப் பாத்த வெறும் இடத்துக்கு மத்தவன் மண்ணெண்ணெய் எரிச்சிப் போகத் தேவையில்ல.”

தனக்கு மிஞ்சித்தான் தானம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்று எனக்குள் நக்கலடித்தேன். கொப்பியில் ‘எதிர்மறைத் தகவல், குறைந்த பெறுமதி’ என்று எழுதியும் வைத்தேன். அந்தப் பக்கத்தை இன்றைக்குப் பார்த்தாலும் வெட்கமாக இருக்கிறது.

9.10. நசீர் கைபேசியை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். “நம்மட குறூப்பில இரிக்கிற சிவராசா இண்டைக்கு ஒரு ‘இல்ல’யும் போடல்ல. முதல் வலையிலயே நல்லாப் பட்டிரிக்கும்.”

“எடுத்துக் கேட்டால் என்ன?”

“சீச்சீ. பேசாம இரிக்கிறவனுக்குக் கோல் எடுக்கிறது மரியாதையில்ல. ‘எங்கடா மீன்?’ எண்டு கேக்கிற மாதிரி.”

10.40. சிவராசாவின் மனைவி வசந்தி மணலில் ஓட்டமும் நடையுமாக வந்தார். “நசீர் நானா, அவற்ற போன் வேலை செய்யேல்லை. காலமையிலயிருந்து எடுக்கிறன். ஒம்பதரைக்கு வாற மனிசன். கச்சான் எழும்பினாப் பிறகு அவர் நிக்கவே மாட்டார்.”

கச்சான் என்றால் தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் மேற்குக் காற்று. அது எழும்பி அரை மணித்தியாலம் ஆகியிருந்தது. எஞ்சின் நின்ற படகை அது நேரே ஆழ்கடலுக்குத் தள்ளிவிடும். நசீரின் முகம் கறுத்துப்போனது. மீன் கிடைத்தாலும் மௌனம், ஆபத்து வந்தாலும் மௌனம் என்பது அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அவர்களின் மரியாதை ஒன்றரை மணித்தியாலத்தைத் தின்றுவிட்டிருந்தது.

கடற்படைக்கு அறிவித்தார்கள். எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். கரைக்கு வந்திருந்த படகுகளில் இரண்டில்தான் போதிய மண்ணெண்ணெய் மிச்சமிருந்தது. அந்தப் படகுக்காரர்களும் எந்தப் பக்கம் என்றுதான் கேட்டார்கள்.

நசீர் ஐஸ் பெட்டி மூடியைக் கவிழ்த்து, கரித்துண்டால் கரையையும் பார்களையும் கீறினார். “மிஸ், காலையில வந்த வொய்ஸ் எல்லாத்தையும் ஒவ்வொண்டாப் போடுங்க.” நான் போடப் போட, ‘இல்ல’ என்று சொன்ன இடத்திலெல்லாம் அவர் பெருக்கல் குறி போலப் புள்ளடி இட்டார். அங்கெல்லாம் யாரோ ஒருவர் வலை போட்டு நின்றிருக்கிறார். சிவராசா அந்தப் பக்கம் நின்றிருந்தால் அவர் கண்ணில் பட்டிருப்பார். நான் பெறுமதி குறைவு என்று எழுதிய அத்தனை ‘இல்ல’யும் கடலைத் துண்டு துண்டாகக் குறைத்துக்கொண்டு வந்தன. கடைசியில் புள்ளடி விழாத இடம் ஆறு.

ஆறு இடத்துக்கு இரண்டு படகு போதாது. அந்த ஆறில் சிலவற்றில் மீன் பட்டவர்கள் நின்றிருப்பார்கள். அவர்கள் எப்போதும் இடம் சொல்லாதவர்கள். நசீர் கைபேசியை வாயருகே பிடித்தார். “நான் இதுவரைக்கும் கேட்டதில்ல. இண்டைக்குக் கேக்கிறன். மீன் பட்ட ஆக்கள், எங்க நிண்டீங்க எண்டு சொல்லுங்க. சிவராசாவக் காணல்ல.”

நான்கு நிமிடம் ஒரு சத்தமும் இல்லை. வசந்தி என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். பிறகு ஒரு குரல்: “மூணுகல்லுக்கு வெளிய நிண்ட நான். சூரை பட்டிச்சு. அங்க அவரக் காணல்ல.”

நசீர் கண்ணை மூடினார். “இர்பான். என்ட சொந்த மச்சான். பதினைஞ்சி வருசமா எனக்கே சொல்லாத இடம்.”

அதன் பின் இன்னும் நான்கு குரல்கள். ஐந்து பேர், ஐந்து இடம், ஐந்து புள்ளடி. ஆனைப்பாருக்கு வடக்கே ஒரே ஒரு வெள்ளைப் பகுதி மிஞ்சியது. அங்கிருந்து காற்றுப் போகும் திசையில் நசீர் ஒரு கோடு இழுத்தார். 11.45க்கு இரண்டு படகும் அந்தக் கோட்டில் போயின.

1.50. ஒரு குரல்பதிவு வந்தது. காற்றின் இரைச்சலுக்குள்ளே இரண்டே சொல்: “ஆள் இரிக்காரு.”

வசந்தி அப்படியே மணலில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். என்னுடைய வகுப்பில் யாரும் அழுததில்லை.

3.20. சிவராசாவின் படகைக் கட்டியிழுத்து வந்தார்கள். முதல் வலையை இழுத்த கையோடு எஞ்சின் இறுகிவிட்டது. திருத்தப்போன அவசரத்தில் கைபேசி தண்ணீரில் விழுந்துவிட்டது. வெடித்த உதட்டோடு ஒரு செம்பு தண்ணீரைக் குடித்துவிட்டு, “என்னை எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?” என்று கேட்டார். நசீர் ஐஸ் பெட்டி மூடியைக் காட்டி, ஐந்து பேரும் சொன்ன இடங்களைச் சொன்னார்.

சிவராசா மூடியில் இருந்த புள்ளடிகளை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். பிறகு நசீரின் கைபேசியை வாங்கினார். “நான் சிவராசா. ஆனைப்பாருக்கு வடக்க, தண்ணித்தாங்கியும் பின்னால இருக்கிற மலையும் ஒரே நேருக்கு வாற இடம். ஒரே வலையில போட் நிறைஞ்சுது. நாளைக்குப் போங்கோ.” ‘இல்ல’ மட்டும் சொல்வது என்றான பிறகு, அந்தக் குழுவில் ஒருவர் தானாக விரும்பி ‘இருக்கு’ என்று சொன்னது அன்றைக்குத்தான் முதல்தடவை.

அன்றிரவு நசீர் வீட்டிலேயே தங்கினேன். தூக்கம் வரவில்லை. எங்கள் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர்கள் ஒருவர் ஆய்வை மற்றவருக்குக் காட்டாமல் மேசை இலாச்சிக்குள் பூட்டி வைப்பார்கள். தோற்றுப்போன ஆய்வை அதைவிடப் பத்திரமாகப் பூட்டுவோம். ‘இதில் ஒன்றும் இல்லை’ என்று நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லியிருந்தால் எத்தனை பேருடைய எத்தனை வருடம் மிஞ்சியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். நானும் பூட்டியவள்தான்.

மறுநாள் காலை 7.40. நசீர் என்னைப் பேருந்தேற்ற வந்தார். அவர் கைபேசியில் முதல் குரல்பதிவு இர்பானுடையது: “ஆனைப்பாருக்கு வடக்க, ஒண்டும் இல்ல.” அடுத்தது இன்னொருவர்: “சிவராசாட இடம், இல்ல.” மூன்றாவதும் அதே இடம். நான்காவதும் அதுவே. மனசுக்கு ஒரு மாதிரியாகப் போய்விட்டது. அவ்வளவு பெரிய மனதோடு கொடுத்த இடம், ஒரே நாளில் வெறுமையாகிவிட்டதே.

“இத்தனை பேர் போயும் ஒன்றுமே கிடைக்கவில்லையா?” என்று கேட்டேன்.

பேருந்து வந்து நின்றது. நசீர் என் பையை வாங்கி உள்ளே வைத்தார்.

“ஒருத்தரும் அங்க போகல்ல மிஸ். சிவராசா எஞ்சினத் திருத்தித் திரும்பப் போகும் வரைக்கும் அப்பிடித்தான் சொல்லுவாங்க.”