விஜயராணியின் கேரவன் மூலனூர் போகாத திங்கட்கிழமை

நெருப்பெரிச்சலில் அந்த வண்டியைத் தெரியாதவர்கள் குறைவு. வெள்ளை உடம்பு, இரண்டு சக்கரம், பக்கவாட்டில் நீல மலைகள், மலைகளுக்கு மேலே ‘வாங்க, குளிரில் தங்கலாம்’ என்ற எழுத்து. உடுமலைப்பேட்டைக்காரர் ஒருவர் சுற்றுலா வருகிறவர்களுக்காகக் கட்டிய கேரவன். இரண்டு சீசன்கூடத் தாங்கவில்லை. விஜயராணி அதை வாங்கி, கட்டிலையும் பாத்திரம் கழுவும் தொட்டியையும் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளே ஆறு தையல் மிஷின்களைப் பொருத்தினாள். எழுத்தை மட்டும் அழிக்கவில்லை. மே மாதத்துத் தகரத்துக்கு அடியில் உட்கார்ந்து தைக்கிற பெண்கள் படித்துச் சிரிக்கட்டுமே என்று விட்டுவிட்டாள்.

சாத்தூரிலிருந்து பதினேழு வயதில் திருப்பூர் வந்தவள். பதினான்கு வருடம் செக்கிங் டேபிள். ஒரு கையில் கம்பெனி ஒப்புக்கொண்ட சாம்பிள், மறு கையில் தைத்து வந்த பீஸ். இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பதுதான் வேலை. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தாலும் பக்கத்து இலையையும் தன் இலையையும் ஒப்பிட்டுப் பார்ப்பாள் என்று சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள். அது உண்மைதான்.

பிறகு சொந்தமாக யூனிட் போட்டபோது தைக்க ஆள் கிடைக்கவில்லை. மூலனூரில் பத்துப் பெண்கள் இருந்தார்கள். முருங்கை சீசனில் மார்க்கெட்டில் காய் கட்டுவார்கள். சீசன் போனால் கை சும்மா. மாட்டையும் பிள்ளையையும் விட்டுவிட்டு அவர்களால் தினமும் திருப்பூருக்கு பஸ் ஏற முடியாது. “அவங்க வர முடியாட்டா யூனிட் போகட்டும்” என்று விஜயராணி சொன்னபோது கேட்டவர்கள் சிரித்தார்கள். இப்போது திங்கள் முதல் சனி வரை கேரவன் மூலனூர் சமுதாயக் கூடத்தின் பக்கத்தில் நிற்கும். சனி மாலை வேல்குமாரின் பிக்கப் அதை இழுத்துக்கொண்டு ஊர் திரும்பும்.

அந்தச் சனிக்கிழமை திரும்பும்போது இடது சக்கரம் ஊளையிட்டது. வரக் கூடாத நேரத்தில் வந்த ஊளை. அதுவரை பெரிய யூனிட்டுகள் தள்ளிவிடுகிற மிச்ச வேலைதான் அவளுக்குக் கிடைத்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ராஜ்கமல் என்ற கம்பெனிக்காரர் மூலனூருக்கே நேரில் வருகிறார். தையல் லைன் ஓடினால் குழந்தைகள் டி-ஷர்ட் ஆர்டர் நேராக இவர்களுக்கு. ஓடாவிட்டால் அடுத்த யூனிட்டுக்கு.

ஞாயிற்றுக்கிழமை ஒர்க்‌ஷாப் எதுவும் திறந்திருக்கவில்லை. நிட்டிங் மிஷின் ஃபிட்டர் சென்னிமலையைக் கூப்பிட்டாள். ஓடுகிற மிஷினில் ஸ்க்ரூ டிரைவரின் நுனியை வைத்து, பிடியைக் காதில் வைத்து, எந்த பேரிங் காய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிற மனிதர். பழனி முருகனுக்கு மாலை போட்டிருந்ததால் காலில் செருப்பில்லாமல் வந்தார்.

“ஜாக்கி எங்கீங்க அம்மிணி? தூக்கிரலாமுங்க.”

“இருங்கண்ணே. முதல்ல ஷூவைப் போடுங்க.”

“மாலை போட்டிருக்கறனுங்க.”

“அப்போ சக்கரத்துல இருந்து நாலடி தள்ளி நின்னு சொல்லுங்க, நான் செய்யுறேன். முருகன் உங்க காலுக்குத் தனியா கேரண்டி குடுக்கலை.”

பிக்கப்பில் சாய்ந்திருந்த வேல்குமார் சிரித்தான். அவனுக்கு உடுமலையில் மாமனார் வீட்டுக் கிடா விருந்து. “அக்கா, கொக்கியைக் கழட்டிட்டு நான் ஓடிட்டு வந்தர்றனே?”

“வண்டி உன் வண்டியோட மாட்டியே நிக்கணும். ஹேண்ட் பிரேக் போடு. கறி ஆறாது.”

அவள் இப்படிப் பேசுவதற்குக் காரணம் இருந்தது. போன வருடம் குண்டடம் தாண்டி, இளகிய மண்ணில் ஜாக்கியை வைத்துத் தூக்கினார்கள். ஜாக்கி புதைந்தது, கேரவன் சரிந்தது. அவளுடைய செருப்பு ஒன்று அடியில் போனது. கால் அதற்குள் இல்லை, அவ்வளவுதான்.

வலது சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை ஆப்பு. வண்டி நின்ற யார்டின் சிமெண்ட் தளத்தில் தடிப் பலகை, அதன்மேல் ஜாக்கி. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச்சுற்று இளக்கினாள். ஜாக்கியின் தலையைத் தரைத் தகட்டுக்கும் கொடுக்கவில்லை, குழாய் ஆக்சிலுக்கும் கொடுக்கவில்லை. ஒன்று கிழியும், மற்றது வளையும். சேஸிஸ் இரும்பில்தான் கொடுத்தாள். சக்கரம் தரையை விட்டதும் அதே இரும்புக்கு அடியில் முக்காலி மாதிரியான ஸ்டாண்டை நகர்த்தி, வண்டியை ஸ்டாண்டின்மேல் இறக்கினாள். பிறகு பக்கவாட்டில் கையை வைத்து ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை.

“எங்க மிஷின்லகூட இத்தனை பாக்கறதில்லீங்க” என்றார் சென்னிமலை, தள்ளி நின்றபடி.

“உங்க மிஷின் உருண்டு போகாதுண்ணே.”

சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டியபோது லொட லொடவென்றது. சக்கரத்தை எடுத்துவிட்டு, நடுவிலிருந்த ஹப்பைக் கழற்றி அவரிடம் கொடுத்தாள். கிரீஸ் கருகித் தாராக இருந்தது. உள் பேரிங்கின் உருளைகளில் நீலம் பாய்ந்திருந்தது.

“போயிருச்சுங்க” என்றார் அவர். உடனே முகம் மலர்ந்தது. “ஆனா கவலைப்படாதீங்க. இதே அளவு எங்கிட்ட இருக்குதுங்க.” டிவிஎஸ்ஸில் போய் இருபது நிமிடத்தில் வந்தார். நிட்டிங் மிஷினுக்கான புது பேரிங், எண்ணெய்த் தாள்கூடப் பிரிக்காதது. காலிப்பர் வைத்துக் காட்டினார். உள்விட்டம் சரி. வெளிவிட்டமும் சரி. “உள்ள இருக்கற பழைய வளையத்தைத் தட்டி எடுத்தா கச்சிதமா உக்காந்துக்குமுங்க.”

“முடிஞ்சுது போ” என்று வேல்குமார் சாவியைச் சுழற்றினான்.

விஜயராணி பழையதை ஒரு கையிலும் புதியதை மறு கையிலும் வைத்துக்கொண்டு வெயிலுக்குத் திரும்பினாள். மாறி மாறிப் பார்த்தாள். பழையதில் உருளைகள் சாய்ந்து படுத்திருந்தன, கூம்பு மாதிரி. புதியதில் உருண்டைக் குண்டுகள்.

“மெஷர்மெண்ட் சரிண்ணே. சாம்பிள் வேற.”

“அளவு ஒண்ணுதானுங்களே அம்மிணி?”

“அளவு ஒண்ணுதான். இதுல ஏன் சாய்ச்சு வச்சிருக்கான்? செஞ்சவன் சும்மா சாய்ப்பானா? உங்க மிஷின் நின்ன இடத்துலயே சுத்துது. இது வளைவுல திரும்பும், ஆறு மிஷினோட ஒரு பக்கமாத் தள்ளும். அந்தத் தள்ளுறதை இந்தக் குண்டு தாங்குமா? நீங்களே சொல்லுங்க.”

சென்னிமலை பேரிங்கை வாங்கி விரலில் மாட்டிச் சுற்றினார். அது அழகாக, சத்தமே இல்லாமல் சுற்றியது. அது நின்றதும் விரலிலிருந்து கழற்றினார்.

“தாங்காதுங்க” என்றார். “மூலனூர் வரைக்கும் போயிரலாம். போகாமலும் இருக்கலாம். நான் போய் இதைச் சொன்னன் பாருங்க.”

“அப்ப நாளைக்குப் பத்து மணிக்கு?” என்றான் வேல்குமார். சாவி சுழல்வது நின்றிருந்தது.

விஜயராணி ஸ்டாண்டில் நின்ற கேரவனைப் பார்த்தாள். ராஜ்கமல் பார்க்க வருவது தையலை. சக்கரத்தை இல்லை.

“உன் பிக்கப் நல்லாத்தானே ஓடுது? நாலு மிஷினைக் கழட்டி அதுல ஏத்துவோம். ரெண்டு ஓவர்லாக், ஒரு பேட்லாக், ஒரு சிங்கர். கூடத்துக்குள்ள போட்டுத் தைப்போம். ஆனா இப்போ யாரும் வண்டிக்குள்ள ஏறப்படாது. முதல்ல பழைய பேரிங்கோடயே சக்கரத்தை மாட்டி இறக்குறேன், அப்புறம் மிஷினைத் தொடுவோம்.”

“கிடா விருந்து?”

“பார்சல் வாங்கிக்கோ.”

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு மூலனூர் சமுதாயக் கூடத்தில் நாலு மிஷின்களும் ஓடின. மிஷின் கிடைக்காதவர்கள் நூல் பிசிறு வெட்டினார்கள், மடித்தார்கள். பெண்களில் மூத்தவளான வேலாத்தாள், “ஏனம்மிணி, குளிர்ல தங்கற ஊடு எங்க? இங்கதான் நெசமாலுமே காத்து வருது” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள்.

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ராஜ்கமல் வந்தார். வாசலிலேயே நின்றார். “கேரவன் எங்கக்கா? ஆபீஸ்ல போட்டோ அனுப்பச் சொன்னாங்களே.”

“பேரிங் போயிருச்சு சார். சரியான பேரிங் இன்னைக்குத்தான் கடையில கிடைக்கும். கெடச்சதை மாட்டி ஓட்டிட்டு வரலை. பீஸைப் பாருங்க.”

அவர் ஒரு டி-ஷர்ட்டைத் திருப்பி, தோள் தையலை இரண்டு கையாலும் இழுத்தார். இன்னொன்றை எடுத்தார். பையிலிருந்து சாம்பிளை எடுத்துப் பக்கத்தில் விரித்தார். விஜயராணி அவருடைய கண் போகிற இடத்தையெல்லாம் அவருக்கு முன்பே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அங்கே குறை ஒன்றும் இல்லை.

“வாரத்துக்கு ரெண்டாயிரம் பீஸ் முடியுமாக்கா?”

“இந்த வாரம் ஆயிரம். வண்டி வந்ததுக்கப்புறம் ஆயிரத்து ஐந்நூறு.”

“ரெண்டாயிரம்னு சொல்லியிருந்தா ஆபீஸ்ல எனக்கு லேசா இருக்கும்.”

“சொல்றது எனக்கும் லேசுதான் சார். வெள்ளிக்கிழமை பீஸ் வராதப்ப உங்களுக்குத்தான் கஷ்டம்.”

ராஜ்கமல் சாம்பிளை மடித்தார். பையில் வைக்கப் போனவர், வைக்காமல் அவளிடம் நீட்டினார். “இது உங்ககிட்டயே இருக்கட்டும். புதன்கிழமை ஆயிரம் பீஸுக்கு வெட்டுத்துணி வரும்.”

அவர் கார் கிளம்பியதும் போன் அடித்தது. சென்னிமலை. “அதே சாஞ்ச உருளை டேப்பர் பேரிங் வாங்கியாச்சுங்க அம்மிணி. கிரீஸும் வாங்கிட்டேன். ஷூவும் போட்டிருக்கறனுங்க, முருகன்கிட்டச் சொல்லிட்டு. தூக்கிரட்டுங்களா?”

“நான் சாயங்காலம் வந்துர்றேன்ணே. அதுவரைக்கும் ஜாக்கியைத் தொட்டுராதீங்க” என்று சொல்லிவிட்டு, சாம்பிளைச் சுவரில் ஆணியடித்து மாட்ட ஒரு சுத்தியல் தேடினாள்.