கூட்ஸ் வண்டியைப் பார்த்து நின்றவர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மற்றவர்கள் கறிக்கடையில் நிற்பார்கள். நான் திருக்கோவிலூரில் தென்பெண்ணைக் கரையில், ரயில் பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கேமராவோடு நிற்பேன். பயணிகள் ரயிலை நான் படம் எடுப்பதில்லை. சன்னலுக்குச் சன்னல் ஒரு முகம், ஒரு கையசைப்பு. கூட்ஸ் வண்டியில் அந்தத் தொல்லை கிடையாது. துருப்பிடித்த பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், போகும். என் மனைவி இதைப் பொழப்பத்த வேலை என்பாள்.

அவர் எனக்கு அங்கேதான் பழக்கம். கரும்பு வெட்டும் கூலிக்காரர். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலை ஓடும் மாதங்களில் அவரும் மனைவியும் வெட்டுக்குப் போய்விடுவார்கள். ஆலை நின்றதும் நாலைந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஆற்றுக்கு வருவார். ஆற்றில் தண்ணீர் என்று பெரிதாக எதுவும் இருக்காது. நாணலும் சீமைக்கருவேலமும் இருக்கும், ஆட்டுக்கு அது போதும்.

பாலம் அதிர ஆரம்பித்ததும் எழுந்துவிடுவார். மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிட்டு எனக்கு முன்னால் போய் நிற்பார். கடைசிப் பெட்டியில் கார்டு பச்சைக் கொடி காட்டினால் இவரும் கையைத் தூக்குவார். படத்துக்குள் ஆள் வந்தால் எனக்கு எரிச்சலாக வரும். தள்ளி நிற்கச் சொன்னால் இரண்டு எட்டு நகர்வார். வண்டி வந்ததும் பழைய இடத்துக்கே வந்துவிடுவார். நானும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் விட்டுவிட்டேன்.

"கைலிய ஏண்ணா எறக்குறிங்க? கலெக்டரா வராரு?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கலெக்டரு நம்மளப் பாத்து கொடி காட்டுவாரா? இவுரு காட்றாரே தம்பி."

அந்தக் கொடி ஸ்டேஷன்காரர்களுக்கு என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேமராவை மூடினேன்.

போன தை மாதம் வெட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அவர் மனைவி என் வீட்டு வாசலில் வந்து நின்றபோதுதான் எனக்கு விஷயமே தெரியும். அந்த அக்காவை ஆற்றங்கரைக்குச் சோறு கொண்டுவரும்போது பார்த்திருக்கிறேன்.

"நாளன்னிக்கு கருமாதி தம்பி. படையல்ல வெக்க அவுரு படம் ஒண்ணு வோணும். நீங்க எப்பப் பாத்தாலும் புடிச்சிகினு இருப்பிங்களே, ஒண்ணாவது இருக்கும்னு வந்தேன்."

பிள்ளை இல்லாத வீடு. கல்யாணத்துக்கும் படம் எடுக்கவில்லையாம். ஆதார் அட்டையில் இருந்த முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார்கள். கறுப்புத் திட்டுத்தான் வந்தது. "அத வெச்சா யாரோ செத்துப்போன மாரி கீது" என்றார் அந்த அக்கா.

ஒன்றா, நூறு இருக்கும் என்று தெம்பாகச் சொல்லிக் கம்ப்யூட்டரைத் திறந்தேன். இருந்தார். படத்துக்குப் படம் இருந்தார். தலையில் துண்டு, ஒருபக்கம் சாய்ந்த தோள், சிலவற்றில் தூக்கிய கை. எல்லாவற்றிலும் முதுகு. கடைசிப் படம் வரை தள்ளிப் பார்த்தேன். வண்டி வந்தால் அவர் வண்டியைப் பார்த்தார், நானும் வண்டியைப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பிச் சிரித்ததும் பேசியதும் வண்டி போன பிறகுதான். அப்போது நான் கேமராவை மூடி வைத்திருப்பேன்.

அவர் முகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு அந்த அக்காவுக்கு நான் என்ன கொடுக்க முடியும்?

"மொகம் எதுலயும் இல்லக்கா" என்றேன்.

அந்த அக்கா குனிந்து திரைக்குக் கிட்டே வந்து பார்த்தார்.

"கரும்புல அவுரு வெட்டிகினே முன்னால போவாரு. நான் சோகை எலைய உரிச்சி கட்டு கட்டிகினு பின்னாலயே போவேன். கண்ணாலம் ஆன நாள்லேருந்து இந்த முதுகத்தான் நான் ஜாஸ்தி பாத்துகிறேன். இதுவே போதும், குடுங்க." சொல்லிவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்.

கை தூக்கியிருந்த படம் ஒன்றைத் தாளில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு, பெரிதாக்கிச் சட்டம் போட இருவரும் கடைத்தெரு ஸ்டுடியோவுக்குப் போனோம். ஸ்டுடியோக்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் இல்லாத படத்துக்கு மாலை போடுவதை அவர் கேள்விப்பட்டதில்லை. பிறகு அவருக்கே மனம் இளகி, ரயிலை எடுத்துவிட்டு ஆளை மட்டும் வெட்டி, பின்னால் நீல வானம் போட்டுத் தருகிறேன் என்றார். எல்லாருக்கும் அப்படித்தான் செய்வாராம். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

அந்த அக்கா அவர் கையிலிருந்து படத்தை வாங்கிக்கொண்டார்.

"ரயில எடுத்துடாதிங்க" என்றார். "அது இல்லன்னா, இவுரு எம்மேல கோச்சிகினு திரும்பி நிக்கிறாப்ல இருக்கும்."