மாம்பழ டின்னுக்கு நான் போட்ட கோடுகள்

பயப்படுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. திருப்பதியில் ஒரு டிபன் ஹோட்டலுக்கு மேலே ஒற்றை அறையில் டிசைன் ஆபீஸ் நடத்திய நாட்களில், மாடிப்படியில் யாராவது வேகமாக ஏறிவரும் சத்தம் கேட்டாலே நாற்காலியை விட்டு எழுந்துவிடுவேன். அச்சாகிப் போன எதிலோ தப்பு, அதைக் கேட்கத்தான் வருகிறார்கள் என்று தோன்றும். பெரும்பாலும் கீழேயிருந்து காபி கொண்டுவருகிறவராகத்தான் இருக்கும். அவர் டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பும்வரை மறுபடி உட்கார மாட்டேன்.

வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம் அது. அதுவரை கல்யாணப் பத்திரிகையும் லாட்ஜ் நோட்டீசும் கேட்டு வந்தவர்கள் திடீரென்று லோகோ கேட்டார்கள். ஊறுகாய் போடுகிறவர் கேட்டார், அப்பளக்காரர் கேட்டார். எல்லோருக்கும் ஒரே ஆசைதான்: பார்த்தால் ஃபாரின் சரக்கு மாதிரி இருக்க வேண்டும். நானும் ‘பிராண்டிங்’ என்று போர்டில் எழுதி மாட்டிக்கொண்டேன். அப்படியென்றால் என்ன என்று கேட்டவர்களிடம் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்றைச் சொல்லிச் சமாளித்தேன்.

என் வீட்டுக்காரர் குவைத்தில் ஒரு பெரிய கடையில் வேலை செய்தார். நான்கு வருஷமாகிவிட்டது. மகள் அவர் முகத்தைப் போட்டோவில்தான் பார்த்திருந்தாள். அந்த மாதத்தோடு அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லி மேனேஜர் தாளை நீட்டிக்கொண்டே இருந்தார். இவர் போடாமல் இழுத்தடித்தார். ஆபீஸ் நிலையாக நின்றுவிட்டால் ஊருக்கே வந்துவிடுகிறேன், நீ டிசைன் போடு, நான் வெளியே அலைகிறேன் என்று சொல்லியிருந்தார்.

ஆபீஸை நிலையாக நிறுத்தப்போகிற வேலையும் வந்தது. வெதுருகுப்பம் பக்கம் மாம்பழக் கூழ் பேக்டரி வைத்திருந்த ஒருவர், முதல் தடவையாக வளைகுடாவுக்குச் சின்ன டின்னில் சரக்கு அனுப்பப்போகிறார். எங்களைப் போலவே சத்தியவேடு பக்கத்துத் தமிழ் விவசாயக் குடும்பம். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். லேபிள் பிடித்துவிட்டால் அட்டைப்பெட்டி, போர்டு, அடுத்து போடப்போகும் ஜூஸ் பாட்டில் எல்லாமே உனக்குத்தான் என்றார். பார்த்துப் பார்த்துச் செய்தேன். கிளிமூக்கு மாங்காயை நானே கையால் வரைந்து வர்ணம் கொடுத்தேன். முடித்துக் காட்டியபோது திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எல்லாம் சரிம்மா. ஃபாரின் டின்னுல பின்னால கறுப்பா கோடு கோடா இருக்குமே, அது எங்க? அது இல்லன்னா எவன் மதிப்பான்?”

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அந்தக் கோடுகளை நான் ஒரு முத்திரை என்று நினைத்திருந்தேன், தரமான சரக்கு என்பதற்கு அடையாளம். எங்கள் ஊரில் அதைப் படிக்கிற மிஷினை யாரும் பார்த்ததில்லை. மேஜைமேல் என் பிரஷ்களைப் போட்டு வைத்திருந்த பழைய முகப்பவுடர் டின் ஒன்று இருந்தது. வீட்டுக்காரர் குவைத் போன புதிதில் அனுப்பியது. அதன் பின்பக்கக் கோடுகளை ஸ்கேனரில் எடுத்தேன். உயரத்தைக் கொஞ்சம் வெட்டினேன். கீழே இருந்த எண்கள் பார்க்க லட்சணமாக இருந்ததால் அப்படியே விட்டேன். சிவகாசியில் அச்சாகி லேபிள் கட்டுக்கட்டாக லாரி பார்சலில் வந்து சேர்ந்தது.

குவைத்தில் வீட்டுக்காரர் தங்கியிருந்த கட்டடத்தில் ஒரு போன் உண்டு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அடித்தால் கிடைப்பார். பஸ் ஸ்டாண்டு எதிரே உள்ள பூத்திலிருந்து அடித்து, லேபிள் வந்த பெருமையைச் சொன்னேன். கோடு போட்டதையும் சேர்த்துச் சொன்னேன், கெட்டிக்காரத்தனத்தைக் காட்ட வேண்டாமா?

“இரு. எந்தக் கோடு?”

“அதாங்க, நீங்க அனுப்புன பவுடர் டின்னுல இருந்திச்சே.”

அவர் குரல் ஏறிவிட்டது.

“அடிப்பாவி, அது அழகுக்குப் போடறதில்ல. ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு நம்பரு. பில்லு போடற எடத்துல மிஷின்ல காட்டினா அதுவே பேரு, வெல எல்லாம் சொல்லும். தினமும் நான் பாத்துக்கினு இருக்கறேன். உன் மாம்பழ டின்னக் காட்டினா பவுடருன்னு வரும்.”

பூத்துக்குள் மின்விசிறி கிடையாது. ஆனால் எனக்குக் குளிர்ந்தது. இப்போது என்ன ஆகும் என்று கேட்டேன். சரக்கை மொத்தமாகத் திருப்பி அனுப்புவார்கள், அடுத்தவன் நம்பரைத் திருடினான் என்று அந்த மனுஷன்மேல் கேசு போட்டாலும் போடுவார்கள் என்றார்.

“அண்ணாகிட்ட சொல்லிடட்டுமா?”

“வாயத் தொறக்காத. சொன்னியானா ஆபீஸு அன்னிக்கே காலி. ஊரு பூரா சொல்லிடுவாரு, ஒருத்தனும் படியேற மாட்டான். சரக்கு போவட்டும். அப்புறம் எதுனா வந்திச்சின்னா பிரஸ்சுல தப்புன்னு சொல்லிக்கலாம். நான் வர்றதே அத நம்பித்தான்னு தெரியும் இல்ல?”

சரி என்று சொல்லி வைத்தேன். அன்று சாயந்திரம்வரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன், ஒரு கோடு இழுக்கவில்லை. படியில் காலடி கேட்கும்போதெல்லாம் போலீஸ்தான் என்று நினைத்தேன். மகளுக்குச் சோறு ஊட்டும்போது அவள் கவுனில் ரசத்தைக் கொட்டினேன். சொல்லாமல் இருந்தால் வீட்டுக்காரர் ஊருக்கு வருவார். ஆனால் வந்து ஆபீஸில் உட்கார்ந்த பிறகும் அந்த டின்கள் எங்கேயாவது ஒரு மிஷின் முன்னால் நிற்கப்போகின்றன. ஒரு நாள் நிச்சயம் அண்ணா வந்து நிற்பார், அவரைப் பிடித்துப் போயிருந்தால் அவர் வீட்டுப் பெண்கள் வந்து நிற்பார்கள். அந்த நாளை எதிர்பார்த்தே மிச்ச ஆயுசை ஓட்ட என்னால் ஆகாது. இதை நேர்மை என்று யாரும் சொல்ல வேண்டாம். இரண்டு பயத்தில் எது சீக்கிரம் முடியுமோ அதை எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

மறுநாள் காலை மகளை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். பேக்டரி வந்தபோது எழுந்து நிற்கத் தைரியம் வரவில்லை. இரண்டு ஸ்டாப் தள்ளிப் போய் இறங்கினேன். ஒரு புளியமரத்தடியில் வாந்தி எடுத்தேன். பிறகு வந்த வழியே நடந்தேன். மாம்பழ லோடு ஏற்றிய டிராக்டர்கள் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொரு டிராக்டரையும் பார்க்கும்போது, இதுவும் அந்த டின்னுக்குள்தானே போகப்போகிறது என்று நினைத்தேன்.

உள்ளே கூழ் காய்ச்சும் வாடை, மொய்க்கிற ஈ, ஈரத் தரை. நீள மேஜையின் இரண்டு பக்கமும் பெண்கள் உட்கார்ந்து டின்னுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பாதிக்குமேல் ஒட்டி, பெட்டியிலும் போட்டுவிட்டார்கள். அண்ணா கையில் கத்தியோடு மாம்பழம் ஒன்றை அறுத்துப் பதம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாம்மா வா. லேபிள் சால பாகுந்தி, எல்லாரும் நல்லாக்குதுன்னு சொல்லிக்கினு இருக்கறாங்க.”

அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் திரும்பி ஓடிவிடலாம் என்றிருந்தது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். பவுடர் டின்னையும் மறைக்கவில்லை. பேசும்போது அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கத்தியை வைத்துவிட்டு ஒரு டின்னை எடுத்து, கோடுகளைக் கட்டைவிரலால் தேய்த்தார். தேய்த்தால் போய்விடும் என்று நினைத்தாரோ என்னவோ.

“யாருக்குன்னா தெரியுமா?”

“என் வீட்டுக்காரருக்கு மட்டும்.”

“கோடு வேணும்னு கேட்டது யாரு? நானு. அதுக்கு ஒரு அர்த்தம் இருக்குதுன்னு எனக்கும் தெரியல, உனக்கும் தெரியல. ரெண்டு பேரும் நல்லா மாட்டிக்கினோம்.” அப்புறம் குரலைத் தாழ்த்தினார். “கப்பல்ல போன அப்புறம் சொல்லியிருந்தியானா வெட்டிப் போட்டிருப்பேன். இப்ப அழுவாத. இன்னா பண்ணலாம் சொல்லு.”

வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி மறைக்கலாம் என்றேன். கோடே இல்லாவிட்டால் கடைக்காரர்கள் கையால் விலை போட்டுக்கொள்வார்கள், அது குற்றமில்லை. திருப்பதிக்கு ஜீப் போய் ஸ்டிக்கர் கொண்டுவந்தது. பெட்டிகளையெல்லாம் பிரித்தோம். நானும் முந்தானையைச் செருகிக்கொண்டு அந்தப் பெண்களோடு உட்கார்ந்தேன். எதற்கு ஒட்டுகிறோம் என்று பக்கத்திலிருந்த பெண் கேட்டாள். திருஷ்டிக்கு என்றேன். அவளும் நம்பினாள். இரண்டு நாள் ஒட்டினோம். இரவு அண்ணா வீட்டிலேயே படுத்துக்கொண்டேன். ஒட்டி முடித்து லாரி கிளம்பியதும் அவர் ஜூஸ் பாட்டிலுக்கான மாதிரிகளை என் கையில் கொடுத்தார். “கோடு மட்டும் போடாத தாயே” என்றார். பல நாள் கழித்து நான் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

அந்த இரண்டு நாளில் வீட்டுக்காரருக்குப் போன் செய்திருக்கலாம். பேக்டரி போனில் குவைத்துக்குப் பேச முடியாது, அது உண்மைதான். ஆனால் ஸ்டிக்கர் வாங்கப் போன ஜீப்பில் நானும் போயிருந்தால் பூத் இருந்தது. போகவில்லை. சொல்லாதே என்று சொன்னதை மீறிவிட்டேன், திட்டுவார் என்று பயம். எல்லாம் நல்லபடியாக முடியட்டும், அப்புறம் சொன்னால் திட்ட வழியிருக்காது என்று கணக்குப் போட்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் பஸ் ஸ்டாண்டு பூத்துக்கு ஏறக்குறைய ஓடினேன்.

“அண்ணாகிட்ட சொல்லிட்டேங்க” என்றேன்.

“தெரியும்” என்றார். குரலில் கோபமே இல்லை. “உன்னாலதான் ஒரு விஷயத்த மனசுல வெச்சிக்கினு ஒரு வாய் சோறு துன்ன முடியாதே. போன வெச்சதுமே தெரிஞ்சிபோச்சி, நீ போய் சொல்லிடுவேன்னு. ரெண்டு நாளா நீ பேசவும் இல்ல, ஆபீஸு போச்சின்னு முடிவு பண்ணிட்டேன். நேத்து சாயந்திரம் கையெழுத்துப் போட்டுட்டேன். ரெண்டு வருஷந்தான், நீ கவலப்படாத.”

அண்ணா கோபித்துக்கொள்ளவில்லை, சரக்கு போய்விட்டது, ஜூஸ் வேலையையும் எனக்கே கொடுத்துவிட்டார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் ‘ம்’ என்றார். அந்தத் தாளைத் திரும்ப வாங்க முடியாதா என்று கேட்டேன். முடியாது, பாஸ்போர்ட்டே அவர்களிடம்தான் இருக்கிறது என்றார்.

“இத ஏன் நேத்தே சொல்லல?”

“உங்களுக்குப் பயந்துக்கினுதாங்க” என்றேன்.